ஔவை என்னும் பெயர்: ஒருவரா, பலரா?

ஔவையார் ஒருவரா, பலரா என்ற வினா தமிழ் இலக்கிய வரலாற்றில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆராயப்பட்டு வருகிறது. அதியமான் நெடுமான் அஞ்சியிடம் நெல்லிக்கனி பெற்ற புலவரும், குழந்தைகள் எழுத்தறியும் பருவத்திலேயே மனப்பாடம் செய்யும் ஆத்திசூடியின் ஆசிரியரும், யோக நெறியின் நுட்பங்களை விநாயகர் அகவலாகப் பாடியவரும், நாஞ்சில் நாட்டுப் பெண்கள் கொழுக்கட்டை படைத்து வழிபடும் அம்மனும் ஒரே பெயரால் அழைக்கப்படுகின்றனர். மொழி, யாப்பு, சமயம், வாழ்க்கை நோக்கு ஆகிய எதிலும் இவர்களுக்குள் ஒற்றுமை காண்பது அரிது. காலத்தால் ஆயிரம் ஆண்டுக்கு மேல் விலகி நிற்பவர்களும் இவர்களுள் உண்டு. இருந்தும் மக்கள் மனத்தில் இவர்கள் அனைவரும் கையில் கோல் ஊன்றி ஊர் ஊராக நடக்கும் ஒரே மூதாட்டியாகவே வாழ்கின்றனர்.

இவ்வினாவுக்கு இதுவரை சொல்லப்பட்ட விடைகள் பெரும்பாலும் எண்ணிக்கையாக அமைந்தவை. ஒருவர் என்றனர், இருவர் என்றனர், மூவர் என்றும், அதற்கு மேலும் என்றும் பிரித்தனர். ஒவ்வொரு விடையும் எந்தச் சான்றின் மேல் நிற்கிறது, எங்கே தளர்கிறது என்று பார்ப்பதும், எண்ணிக்கையைத் தேடுவது இங்கே எவ்வளவு தூரம் பயன்படும் என்று ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் சென்று சேர்ந்த இடங்கள்

பழங்காலத்து ஔவையார்களை ஆராயும் முன், காலம் அறியப்பட்ட வழக்குகளில் இப்பெயர் எவ்வாறு பரவியது என்பதைக் காண்பது தெளிவு தரும். புறநானூறு, பதிற்றுப்பத்து, நற்றிணை, ஐங்குறுநூறு ஆகியவற்றுக்கு விரிவான உரை வரைந்த ஔவை துரைசாமிப் பிள்ளையின் பெயரில் உள்ள 'ஔவை', திண்டிவனத்தை அடுத்த அவரது ஊரான ஔவையார்குப்பத்திலிருந்து வந்தது. அவருடைய மகனும் தமிழ்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கியவருமான ஔவை நடராசனுக்கு அது தந்தை வழியாக வந்தது. நாடகக் கலைஞர் டி. கே. சண்முகத்துக்கோ அப்பெயர் மேடையில் கிடைத்தது: அவர் ஔவையார் வேடம் பூண்டு பெற்ற புகழால் 'ஔவை சண்முகம்' ஆனார். 1996இல் வெளிவந்த 'அவ்வை சண்முகி' திரைப்படத்தின் தலைப்பு அந்தப் பெயரின் அடியொற்றிப் பிறந்தது.

நிறுவனங்களும் இப்பெயரை ஏற்றன. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சென்னையில் தொடங்கிய இல்லம் ஔவை இல்லம். 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினா கடற்கரையில் எழுப்பப்பட்ட சிலைகளுள் ஔவையார் சிலையும் ஒன்று. பெண்கள் முன்னேற்றத்துக்குத் தொண்டாற்றுவோருக்குத் தமிழக அரசு அவர் பெயரால் விருது வழங்குகிறது. வெள்ளிக் கோளில் உள்ள பள்ளங்களுக்குப் பெண்களின் பெயரைச் சூட்டும் அனைத்துலக வானியல் மரபில், அங்குள்ள ஒரு பள்ளமும் 'அவ்வியார்' என்ற பெயர் கொண்டிருக்கிறது.

ஊர் வழியாகவும், மரபுரிமை வழியாகவும், ஏற்ற வேடத்தின் வழியாகவும், போற்றுதலின் வழியாகவும் ஒரே பெயர் தம்முள் தொடர்பில்லாத மனிதர்களையும் பொருள்களையும் சென்றடைந்தது என்பது இவ்வழக்குகளில் தெளிவாகத் தெரிகிறது. எழுத்துச் சான்று இருப்பதால் யார், எப்போது, ஏன் பெயர் வைத்தார் என்று சொல்ல முடிகிறது. பழங்காலத்திலும் இவ்வழிகள் யாவும் திறந்தே இருந்திருக்க வேண்டும். அங்கே அச்சான்று இல்லை என்பதே வேறுபாடு. ஆய்வாளர்கள் பலர் இக்கூறுக்குப் போதிய இடம் தரவில்லை.

ஒருவரே என்னும் மரபு

ஔவையார் ஒருவரே என்பது மிகப் பழைய விடை. பரவலான விடையும் அதுவே. பகவன், ஆதி என்னும் இணையருக்குப் பிறந்து வெவ்வேறு இடங்களில் வளர்ந்த எழுவருள் ஔவை ஒருத்தி என்றும், கபிலரும் வள்ளுவரும் அதியமானும் அவளுடன் பிறந்தவர்கள் என்றும் ஒரு கதை கூறுகிறது. கம்பரோடும் ஒட்டக்கூத்தரோடும் அவர் வாதிட்டார் என்பது மற்றொரு கதை. சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலைக்குப் புறப்பட்டபோது விநாயகர் அவரைத் தும்பிக்கையால் தூக்கி அவர்களுக்கு முன்பே கயிலையில் சேர்த்தார் என்பது இன்னொன்று. தமிழ் நாவலர் சரிதை என்னும் தனிப்பாடல் தொகுப்பும், அட்டாவதானம் வீராசாமி செட்டியாரின் விநோதரச மஞ்சரியும் இத்தகைய கதைகளை அச்சுக் காலத்துக்குக் கொண்டு சேர்த்தன. 1953இல் ஜெமினி நிறுவனம் கே. பி. சுந்தராம்பாள் நடிப்பில் எடுத்த 'ஔவையார்' திரைப்படம், இக்கதைகளின் நாயகியை ஒரே வாழ்க்கை உடையவராகக் கோத்துக் காட்டி அந்த உருவத்தை நிலைநிறுத்தியது.

இம்மரபை வெறுங்கதை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் கால முரணை அது உணராமல் இல்லை. உணர்ந்து அதற்கு விடையும் வைத்திருக்கிறது. உண்டோருக்கு நெடிய வாழ்நாள் தரும் நெல்லிக்கனியை அதியமான் தான் உண்ணாமல் புலவருக்கு அளித்தான் என்பது புறநானூற்றின் 91ஆம் பாடல் தரும் செய்தி. அக்கனியை உண்டவர் பல நூற்றாண்டு வாழ்ந்தார் என்று கொண்டால், கடையெழு வள்ளல்கள் காலத்திலும் சோழப் பேரரசின் காலத்திலும் அவரைக் காண்பதில் தடையில்லை. அவ்வாறே, இளமையும் மணவாழ்வும் வேண்டாமென்று விநாயகரை வேண்டி இளம் வயதிலேயே முதுமை பெற்றார் என்னும் கதை, ஒரு பெண் தனியே ஊர் ஊராகச் சென்று அரசவைகளில் பேசியது எவ்வாறு என்ற கேள்விக்கு மரபு தந்த விடையாகத் தோன்றுகிறது.

இந்நிலைப்பாட்டின் தளர்ச்சி, கதைகளைச் சங்கப் பாடல்களோடும் கல்வெட்டோடும் வைத்து நோக்கும்போது வெளிப்படுகிறது. பாரி மகளிரின் திருமணம் இதற்குத் தக்க சான்று. அங்கவை, சங்கவை என்னும் அப்பெண்களை ஔவையார் முன்னின்று திருக்கோவலூரில் மணம் செய்வித்தார் என்றும், மூவேந்தருக்கும் ஓலை எழுதி வரவழைத்தார் என்றும் பிற்காலக் கதை கூறுகிறது. புறநானூற்றிலோ, தந்தையை இழந்த அப்பெண்களை உடன் அழைத்துச் சென்று விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் ஏற்குமாறு வேண்டியவர் கபிலர். அங்கவை, சங்கவை என்ற பெயர்களே அங்கு இல்லை. திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு ஒன்று, கபிலர் பாரியின் மகளை மலையனுக்கு அளித்துவிட்டுத் தீப்புகுந்தார் என்று குறிப்பிடுகிறது. தென்பெண்ணையாற்றில் உள்ள பாறை ஒன்று இன்றும் கபிலக்கல் என்றே சுட்டப்படுகிறது. ஆகவே, இராசராசன் ஆண்ட காலம் வரை அந்த ஊரிலேயே இத்திருமணத்தோடு நினைக்கப்பட்டவர் கபிலர். அதன் பின்னரே அவ்விடத்தில் ஔவையார் வந்து அமர்ந்தார் என்று கொள்வது பொருத்தமாகப்படுகிறது. கயிலைக் கதையும் இத்தகையதே. சுந்தரரின் கயிலைப் பயணத்தை 12ஆம் நூற்றாண்டில் பாடிய சேக்கிழார், சேரமான் பெருமாள் உடன் சென்றதைக் கூறுகிறார். ஔவையாரைப் பற்றி அவர் எதுவும் கூறவில்லை. வாய்மொழி வழக்கில் அப்போதே ஔவையார் அங்கு இருந்திருக்கலாம். ஆனால் எழுத்துச் சான்று அதற்குத் துணை நிற்கவில்லை.

பதிப்புகள் எழுப்பிய ஐயம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஔவையார் என்றால் நீதிநூல் ஆசிரியர் என்பதே பொருள். தரங்கம்பாடியில் பணியாற்றிய சீகன்பால்கு 1708இலேயே கொன்றைவேந்தனை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அதே ஊரில் பின்னர் வாழ்ந்த மிஷனரி ஜான் என்பவர், ஔவையாரின் வாழ்க்கையையும் நூல்களையும் பற்றிக் கல்கத்தாவின் ஆசிய ஆய்வுத் தொகுதியில் ஆங்கிலத்தில் எழுதினார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் நீதிநூல்களுக்கு எழுதிய உரைகள் பள்ளிகள்தோறும் பரவின. சங்கப் பாடல்கள் அப்போது சுவடிகளில் இருந்தன. பொதுமக்கள் கையில் இல்லை.

1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்ததும் நிலைமை மாறியது. 1915இல் குறுந்தொகையும் நற்றிணையும் அச்சேறின; அகநானூறும் தொடர்ந்து வந்தது. நான்கு தொகைகளிலும் ஔவையார் பெயரில் உள்ள பாடல்கள் 59: புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. இப்பாடல்களில் தெரியும் புலவர், பாடப்புத்தகத்து மூதாட்டியோடு பொருந்தவில்லை. அதியமான் இறந்தபோது பாடிய 235ஆம் புறப்பாட்டில், கள் சிறிதளவு கிடைத்தால் எமக்கே தருவான், மிகுதியாகக் கிடைத்தால் யாம் பாட அவனும் உடனுண்டு மகிழ்வான் என்று அவர் நினைவுகூர்கிறார். எலும்போடு கூடிய இறைச்சி கிடைக்குமிடமெல்லாம் எமக்கு அளிப்பான் என்கிறார். இழப்பின் துயரம் இத்தனை வெளிப்படையாகவும் இத்தனை கட்டுப்பாட்டோடும் பாடப்பட்ட கையறுநிலைப் பாட்டுகள் தமிழில் சிலவே. தொண்டைமானிடம் தூது சென்று அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாடிய பாட்டு, மெருகு குலையாத வேல்களைப் புகழ்வது போலத் தொடங்கி, போரில் நுனி மழுங்கிக் கொல்லன் பட்டறையில் கிடக்கும் அதியமானின் வேல்களை உயர்த்துகிறது. நாஞ்சில் வள்ளுவனைப் பாடும்போது, கீரைக்குச் சேர்க்கச் சிறிது அரிசி கேட்டதற்கு அவன் யானையைத் தந்துவிட்டான் என்கிறார். அகப்பாடல்களில் காதலின் வேட்கையும் வெகுளியும் தடையின்றிப் பேசப்படுகின்றன.

இவற்றுள் 89ஆம் புறப்பாட்டு தனியே கவனிக்கத்தக்கது. பகை வேந்தன் ஒருவன், மையுண்ட கண்ணும் ஒளி மிக்க நெற்றியும் உடைய விறலியே என்று விளித்து, நும் நாட்டில் போரிடுவோரும் உண்டோ என்று வினவ, அதற்கு மறுமொழியாக அப்பாட்டு அமைகிறது. விறலி என்பவள் ஆடலும் பாடலும் வல்ல கலைமகள். விளிக்கப்பட்டவர் ஔவையாரே எனில், சங்க ஔவை இளமையும் அழகும் உடைய ஒரு விறலி. மூதாட்டி என்னும் உருவம் அவருக்குப் பொருந்தாது. புலவர்கள் பாணர், விறலியர் கூற்றாகப் பாடுவதும் மரபாகையால், பேசுபவர் பாட்டின் பாத்திரமே, புலவர் அல்லர் என்று கொள்ளவும் இடமுண்டு. இவ்விரண்டில் எது சரி என்று உறுதிப்படுத்தப் பாட்டுக்குள் வழியில்லை. இருப்பினும் முதுமையைக் காட்டும் குறிப்பு எதுவும் அங்கில்லை என்பது தெளிவு.

இந்த வேறுபாட்டின் அடிப்படையில் சங்கப் புலவர் வேறு, நீதிநூல் ஆசிரியர் வேறு என்னும் இருவர் கொள்கை எழுந்தது. சங்க ஔவையின் காலத்துக்கு ஓரளவு உறுதியான புறச்சான்றும் 1981இல் கிடைத்தது. திருக்கோவலூருக்கு அருகில் ஜம்பை என்னும் ஊரில் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி ஒரு குகைப் பள்ளியைத் தானமாக அளித்ததைத் தெரிவிக்கிறது. அசோகரின் கல்வெட்டுகளில் வரும் சத்தியபுத்திரர் என்ற பெயரும் அவனுக்கு அடைமொழியாக அதில் உள்ளது. ஔவையார் பாடிய தலைவனும் இக்கல்வெட்டின் அஞ்சியும் ஒருவரே என்பதை ஆய்வாளர் பலர் ஏற்றுள்ளனர். அவ்வாறாயின் சங்க ஔவை பொது ஊழியின் தொடக்க நூற்றாண்டுகளை ஒட்டியவர்.

நூல்களுக்குள் இருக்கும் கால அடையாளங்கள்

இரண்டாம் ஔவைக்குக் கால வரையறை செய்வது இதைவிடக் கடினமான வேலை. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி, ஔவைக் குறள் எனப்படும் ஞானக்குறள், விநாயகர் அகவல் ஆகியன ஔவையார் பெயரில் வழங்கும் முதன்மை நூல்கள். இவற்றுள் முதல் இரண்டும் ஒற்றை வரி அறிவுரைகள். மூதுரையும் நல்வழியும் வெண்பாக்கள். ஞானக்குறள் 310 குறட்பாக்களில் யோகமும் மெய்ப்பொருளும் பேசுவது. ஒரே கை எழுதியவை என்று சொல்லத்தக்க ஒற்றுமை இவற்றில் காண்பது அரிது.

நல்வழியின் 40ஆம் பாடல் திருக்குறள், மூவர் தேவாரம், திருக்கோவையார், திருவாசகம், திருமந்திரம் ஆகியவற்றை ஒருங்கே வைத்து, இவை யாவும் ஒரே கருத்தையே கூறுவன என்கிறது. சைவத் திருமுறைகள் ஒரு தொகுதியாகப் போற்றப்பட்ட பின்னரே இவ்வாறு பாட இயலும். ஆகவே 10ஆம் நூற்றாண்டுக்கு முன் அப்பாடலை வைக்க முடியாது. விநாயகர் அகவலும் சங்க காலத்துக்கு உரியதாக இருக்க இயலாது. சங்கப் பாடல்களில் விநாயகர் வழிபாடே இல்லை.

மூதுரையின் 14ஆம் பாடல் இன்னும் சுவையான சிக்கலைத் தருகிறது. காட்டு மயில் ஆடுவதைக் கண்டு வான்கோழியும் தன் பொலிவற்ற சிறகை விரித்து ஆடியதைப் போன்றது, கல்லாதவன் கற்ற கவி என்பது அப்பாடலின் உவமை. இன்று வான்கோழி என வழங்கப்படும் பறவை அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. கொலம்பசுக்குப் பின், 16ஆம் நூற்றாண்டில்தான் அது பிற கண்டங்களுக்குச் சென்றது. அப்படியானால் அந்தப் பாடல் ஐரோப்பியர் வருகைக்குப் பிந்தியது என்பது ஒரு வாதம். ஆண் வான்கோழி மயிலைப் போலவே வாலை விசிறியாக விரித்து நிற்கும் இயல்புடையது என்பதால், பாடலின் உவமை அப்பறவையையே கருதியது என்ற எண்ணம் வலுப்பெறுகிறது. இருந்தும் புதிதாக வந்த பறவைகளுக்குப் பழைய பெயரைச் சூட்டுவது எந்த மொழியிலும் நிகழக்கூடியது. வான்கோழி என்ற சொல் முன்னரே வேறொரு பறவையைக் குறித்திருக்கக்கூடும் என்ற மறுப்பை முற்றிலும் தள்ளிவிட முடியாது. மேலும், ஒரு வெண்பாவின் காலம் நூல் முழுவதன் காலமாகிவிடாது. மனப்பாடமாகவே வாழ்ந்த நூல்களில் பாடல்கள் சேர்வதும் நீங்குவதும் இயல்பு. நல்வழியின் 40ஆம் பாடலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நூலின் இறுதியில் நிற்கும் பாடல்கள் பின்னர்ச் சேர்க்கப்படுவது எளிது.

இவ்வகைச் சான்றுகளைக் கொண்டு கமில் சுவெலபில் உள்ளிட்டோர் சங்க ஔவையையும் இடைக்கால ஔவையையும் பிரித்தனர், மு. அருணாசலம் போன்ற இலக்கிய வரலாற்றாசிரியர்கள் மேலும் பல ஔவையார்களைக் காலவாரியாக வகுத்தனர். ஔவையார் பெயரில் உள்ள படைப்புகளை ஒருங்கு திரட்டிய தாயம்மாள் அறவாணனின் உழைப்பு, இச்சிக்கலின் முழுப் பரப்பையும் ஆய்வாளர் கண்முன் வைத்தது. நீதி பாடியவர், யோகம் பாடியவர், அசதிக்கோவை பாடியவர், தனிப்பாடல் பாடியவர் எனப் பட்டியல் நீண்டு, எண்ணிக்கை ஆறு வரையிலும் அதற்கு மேலும் சென்றது.

இப்பகுப்பு ஒழுங்கானது, கற்பிப்பதற்கும் ஏற்றது. ஆனால் இதன் அடியில் உள்ள முறையியல் ஐயத்துக்குரியது. பொருள் வேறுபட்டால் ஆசிரியர் வேறு என்று கொள்வது எப்போதும் சரியாகாது. ஒரே புலவர் குழந்தைகளுக்கு அறவுரையும், அடியார்க்கு யோக நூலும் இயற்றுவதில் வியப்பில்லை. பாரதி 'புதிய ஆத்திசூடி'யையும் 'பாஞ்சாலி சபத'த்தையும் எழுதினார். அவருடைய காலம் அறியப்படாமல் போயிருந்தால், இதே முறையில் அவரையும் இருவராகப் பிரித்திருக்கக்கூடும். மாறாக, ஒரே நூலுக்குள் பல கைகள் இருப்பதற்கான வாய்ப்பை இம்முறை கவனிப்பதில்லை. ஒவ்வொரு நூலுக்கும் ஓர் ஔவை என்று எண்ணுவது, நூல்களின் பட்டியலை மனிதர்களின் பட்டியலாக மாற்றுவதில் முடிகிறது.

இயற்பெயரா, பொதுப்பெயரா?

எண்ணிக்கையை விட்டுப் பெயரின் இயல்பை நோக்கியவர்கள் வேறு வழியில் சென்றனர். அவ்வை, ஔவை என்பவற்றுக்குத் தாய், முதியவள், தவப்பெண் ஆகிய பொருள்களை அகராதிகள் தருகின்றன. கன்னடத்திலும் தெலுங்கிலும் 'அவ்வ' என்பது தாயையும் பாட்டியையும் குறிக்கும் உறவுப்பெயராக இன்றும் வழங்குகிறது. ஆகவே இது இயற்பெயர் அன்று. மதிப்புக்குரிய பெண்ணைச் சுட்டும் பொதுப்பெயர். அறிவுடைய மூதாட்டி எவரும் இப்பெயரால் அழைக்கப்படலாம் என்பது இக்கொள்கை.

பெயர் ஏன் பலமுறை தோன்றியது என்பதை இது நன்கு விளக்குகிறது. ஆனால் பெயருடையவர்கள் பலர் ஏன் புலவர்களாக இருந்தனர் என்பதை விளக்கவில்லை. தாய், பாட்டி என்று அழைக்கப்பட்ட பெண்கள் எண்ணற்றோர். அவர்களுள் பாடியவர்கள் மட்டும் ஏன் ஔவை என்று பதிவாக வேண்டும்? மேலும், சங்கத் தொகைகளைத் தொகுத்தவர்களுக்கு இது ஓர் ஆளைத் தனித்துச் சுட்டும் பெயராகவே இருந்தது. அடைமொழி ஏதுமின்றி நான்கு தொகைகளிலும் ஔவையார் என்றே குறித்திருப்பதால், அவர்கள் மனத்தில் அப்பெயர் கொண்ட புலவர் ஒருவரே இருந்தார் என்று தோன்றுகிறது. அத்தொகுப்பாளர்களும் பாடல் தோன்றிய காலத்துக்குப் பின் வாழ்ந்தவர்கள் என்பதை மறக்கலாகாது; 59 பாடல்களும் ஒருவருடையவை என்பதுகூட அவர்களின் முடிவே.

பெயர் ஒரு பொறுப்பாக மாறியபோது

மேற்கண்ட கொள்கைகளைவிடப் பொருத்தமாகப்படுவது, சங்க ஔவையின் புகழுக்குப் பின் அப்பெயர் ஒரு பாடும் நிலையாக மாறியது என்னும் கருத்து. இதற்குத் தமிழ் மரபுக்குள்ளேயே நேரான ஒப்புமை உண்டு. சைவத் திருமுறைகளுள் பதினோராவதில் நக்கீரதேவ நாயனார், கபிலதேவ நாயனார், பரணதேவ நாயனார், கல்லாடதேவ நாயனார் ஆகியோரின் நூல்கள் இடம்பெற்றுள்ளன. இவர்கள் சங்கப் புலவர்கள் அல்லர் என்பதை மொழிநடையே காட்டும். ஆனால் பெயர்கள் சங்கப் புலவர்களுடையவை. பழம்புலவரின் பெயரை ஏற்றுப் பக்திப் பாடல் இயற்றும் வழக்கம் இடைக்காலத்தில் இருந்தது, அல்லது அவ்வாறு இயற்றப்பட்டவற்றைப் பழம்புலவருக்கு உரிமையாக்கும் வழக்கம் இருந்தது. கபிலருக்கும் பரணருக்கும் நேர்ந்தது ஔவைக்கும் நேர்ந்தது என்று கொள்ள வலுவான காரணம் இருக்கிறது.

வட இந்தியப் பக்தி மரபில் கபீர், சூர்தாசர், மீரா ஆகியோர் பெயரில் பிற்காலத்தார் பாடிச் சேர்த்த பாடல்கள் ஏராளம். அங்கே பாடலின் இறுதியில் புலவர் பெயர் முத்திரையாக வரும். பாடுபவர் அப்பெயரை இட்டவுடன் அந்தக் குரலில் பேசும் உரிமையைப் பெறுகிறார். ஔவை நூல்களிலோ அத்தகைய முத்திரை இல்லை. ஆத்திசூடியிலும் கொன்றைவேந்தனிலும் ஆசிரியர் பெயர் எங்கும் வரவில்லை. நூலுக்கு வெளியே, கற்பித்தவர்களின் நாவிலும் ஏடு எழுதியவர்களின் குறிப்பிலும்தான் அது உள்ளது. எனவே பெயரை ஏற்றவர் ஆசிரியரா, பெயரைச் சூட்டியவர் வாசகரா என்பது இங்கே கூடுதலான கேள்வியாகிறது. நாடக மேடையில் வேடம் ஏற்ற சண்முகம் தாமே அப்பெயரைத் தேடிக்கொள்ளவில்லை, பார்த்தவர்கள் தந்தனர். நீதிநூல்களுக்கும் அவ்வாறு பெயர் வந்திருந்தால், அவற்றின் ஆசிரியர்கள் தம்மை ஔவை என்று எண்ணியதே இல்லை என்றாகும்.

பெண்கள் காத்த ஔவை

இலக்கிய வரலாறுகள் மிகக் குறைவாகவே தொட்ட பகுதி ஒன்று உண்டு. தென்மாவட்டங்களில் தை, மாசி, ஆடி மாதங்களின் செவ்வாய்க்கிழமைகளில் பெண்கள் நோற்கும் ஔவையார் நோன்பில் ஆண்களுக்கு இடமில்லை. ஆண்கள் உறங்கிய பின்னர், இரவில், பெண்கள் ஒரு வீட்டில் கூடிப் பச்சரிசி மாவில் உப்பிடாத கொழுக்கட்டைகளைப் பல வடிவங்களில் பிடித்து, அவித்துப் படைத்து, ஔவையின் கதையைச் சொல்லி, விடியும் முன் தாமே உண்டு முடிக்கின்றனர். அக்கொழுக்கட்டை ஆண்பிள்ளைகளின் கண்ணில் படக்கூடாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் முப்பந்தலிலும் தாழக்குடிப் பகுதியிலும் ஔவையாரம்மன் கோயில்கள் உள்ளன. முப்பந்தல் என்ற பெயரையே மூவேந்தரும் பந்தலிட்டுக் கூடிய இடம் என்று விளக்குவது உள்ளூர் வழக்கு. வேதாரண்யத்தை அடுத்த துளசியாப்பட்டினத்திலும் ஔவையாருக்குக் கோயில் உண்டு.

இந்த ஔவை நூல் எழுதியவரா, எழுதாதவரா என்பது நோன்பு நோற்கும் பெண்களுக்குப் பொருட்டே அன்று. புலவர் பெயர் தெய்வத்துக்குச் சென்றதா, முன்பே இருந்த ஒரு தாய்த்தெய்வத்தின் பெயரோடு புலவரின் புகழ் கலந்ததா என்பது இன்னும் முறையாக ஆராயப்படவில்லை. சங்க ஔவை பாடிய நாஞ்சில் வள்ளுவனின் நிலமும், இன்று ஔவையாரம்மன் வழிபாடு செறிந்துள்ள நிலமும் அண்மையில் இருப்பது கருதத்தக்கது. ஆயினும் இடையில் உள்ள நூற்றாண்டுகளுக்குச் சான்று இல்லாத நிலையில், இவ்வொற்றுமையைத் தொடர்ச்சி என்று சொல்லிவிட முடியாது. புலவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த ஆய்வு இந்த நோன்பை நாட்டுப்புறவியலாருக்குரியது என்று ஒதுக்கியது பெருங்குறை. ஔவை என்னும் பெயரை இடையறாமல் சொல்லிக் காத்தவர்கள் ஏடு படித்த ஆண்கள் மட்டுமல்லர். அடுக்களையில் இரவில் கூடிய பெண்களும்தான்.

இதனோடு தொடர்ந்து வரும் வினா, ஔவை பெயரில் உள்ள நூல்களுள் பெண் இயற்றியவை எவை என்பது. சங்க ஔவை பெண் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அகநானூற்றின் 147ஆம் பாடலில் அவர் தமக்கு முன்னோ தம் காலத்திலோ வாழ்ந்த மற்றொரு பெண்புலவரான வெள்ளிவீதியின் துயரை நினைக்கிறார். ஒரு பெண்புலவர் இன்னொரு பெண்புலவரை நினைக்கும் அரிய இடம் அது. நீதிநூல்களிலோ பேசும் குரல் எந்தப் பாலுக்கும் உரியதாக அடையாளம் காட்டவில்லை; அவற்றில் சில அறிவுரைகள் ஆண்மகனையே முன்னிலையாகக் கொண்டவை. ஆண் ஆசிரியர் ஒருவர் மூதாட்டியின் நாவில் அறத்தை வைத்திருக்கலாம். பெண்ணொருத்தி பொதுவான ஆசான் குரலில் பேசியிருக்கலாம். இதை முடிவு செய்யும் சான்று நூல்களுக்குள் இல்லை.

உறுதியானவையும் திறந்திருப்பவையும்

கிடைத்துள்ள சான்றுகளைக் கொண்டு சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். அதியமானைப் பாடிய சங்கப் புலவரும், நல்வழியும் விநாயகர் அகவலும் இயற்றியவர்களும் ஒருவராக இருக்க முடியாது. நீதிநூல்கள் அனைத்தும் ஒரே ஆசிரியருடையவை என்பதற்கு மரபைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. அவை வெவ்வேறு ஆசிரியருடையவை என்பதற்கும் பொருள் வேறுபாட்டைத் தவிர வலுவான ஆதாரம் இல்லை. மூவர், அறுவர் என்னும் கணக்குகளை வரலாற்று மனிதர்களின் எண்ணிக்கையாகக் கொள்வதைவிட, நூல்களைக் காலவாரியாக அடுக்க உதவும் தற்காலிக வகைப்பாடாகக் கொள்வதே பொருத்தம்.

இனி ஆராய வேண்டியது, ஒவ்வொரு நூலோடும் ஔவை என்ற பெயர் எப்போது முதன்முதலாக இணைந்தது என்பது. அதற்கு உரிய மூலங்கள் முற்றிலும் இல்லாமல் போய்விடவில்லை. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம், உ. வே. சா. நூலகம், தஞ்சை சரசுவதி மகால், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முதலிய இடங்களில் தமிழ்ச் சுவடிகள் பேணப்படுகின்றன. பனையோலை நெடுங்காலம் தாங்காது என்பதால் அவற்றுள் பெரும்பான்மை கடந்த சில நூற்றாண்டுகளில் படியெடுக்கப்பட்டவை. எனவே நூல் தோன்றிய காலத்தை அவை காட்டமாட்டா. ஆனால் ஏட்டின் தலைப்பிலும் இறுதிக் குறிப்பிலும் ஆசிரியர் பெயர் உள்ளதா, இல்லையா, இருந்தால் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது, எந்த வட்டாரத்து ஏடுகளில் அது மிகுதி என்பவற்றை அவை காட்டும். திண்ணைப் பள்ளிச் சுவடிகளில் ஆத்திசூடி பெயரின்றியே வழங்கியிருந்தால் ஒரு விடையும், தொடக்கம் முதலே ஔவை பெயரோடு வழங்கியிருந்தால் வேறொரு விடையும் கிடைக்கும். மூதுரையின் வான்கோழிப் பாடல் எல்லா ஏடுகளிலும் ஒரே வரிசையில் உள்ளதா என்பதையும் இதே ஒப்பீட்டில் அறியலாம். நோன்புக் கதைகளை மாவட்டவாரியாகப் பதிவு செய்து தனிப்பாடல் கதைகளோடு ஒப்பிடுவதும் இதனுடன் நடக்க வேண்டும். அக்கதைகளை நினைவில் வைத்திருக்கும் தலைமுறை மறைந்து வருவதால், ஏடுகளை ஒப்பிடும் பணியைவிட அது விரைந்து செய்யப்பட வேண்டிய பணியாக இருக்கிறது.